பதினான்காவது கோல்

தெப்பெய் நிவா ஷியோகவா ஊரின் கால்பந்து அணிக்காக அடித்த முதல் கோலில் ஒரு குடை திரும்பி வந்தது. முடிதிருத்தும் இனாபா ஒன்பது வருடத்துக்கு முன்னால் ரயிலில் மறந்து வைத்துவிட்டு வந்த கறுப்புக் குடை அது. பந்து வலையைத் தொட்ட அதே நிமிடத்தில் அவர் கடை வாசலில், மழைத்துளிகூடக் காயாமல், சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டாவது கோலில் ஒரு மீன் வியாபாரியின் பல்செட்டும், மூன்றாவதில் பள்ளிக்கூடத்துப் பியானோவிலிருந்து கழன்று தொலைந்த ஒரு வெள்ளைக் கட்டையும், நான்காவதில் டயரில் காற்றுக் குறையாத ஒரு சைக்கிளும், ஐந்தாவதில் ஒரு கறுப்பு நாயும் வந்தன. வந்தவற்றைக் கண்டு யாரும் வாய் பிளக்கவில்லை. ஜப்பானின் மேற்குக் கரையில், கடலும் பனியும் மாற்றி மாற்றி எதையாவது எடுத்துக்கொண்டே இருக்கிற அந்தத் துறைமுக ஊரில், எடுத்ததில் கொஞ்சம் திரும்பி வருவது நியாயம்தானே என்று ஜனங்கள் நினைத்தார்கள். நாய்க்கு மட்டும் பசி அதிகமாக இருந்தது.

தெப்பெய்க்கு அப்போது முப்பத்தொரு வயது. மலைப்பக்கத்து ஊரில் பிறந்தவன். பதினெட்டு வயதில் பெரிய நகரத்து அணி ஒன்று அவனை முன்வரிசை ஆட்டக்காரனாக எடுத்துக்கொண்டபோது உள்ளூர்ப் பத்திரிகை அரைப் பக்கத்துக்குப் படம் போட்டது. அந்த அணிக்காக அவன் ஆடியது மொத்தம் இரண்டு ஆட்டம், பதினேழு நிமிடம். பிறகு வலது முழங்கால் போயிற்று, அறுவை சிகிச்சை நடந்தது, அதே முழங்கால் மறுபடியும் போயிற்று, ஒரு அணி அவனை இன்னொரு அணிக்கு இரவல் கொடுத்தது, அந்த அணி வேறொன்றுக்குக் கொடுத்தது. இப்படிப் பதின்மூன்று வருடத்தில் ஏழு ஊர்களில் குடியிருந்து, ஏழு ஊர்களிலும் மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் போர்வை போர்த்தி உட்கார்ந்து, கடைசியாக இரண்டாம் பிரிவின் அடிமட்டத்தில் கிடந்த ஷியோகவாவுக்கு வந்து சேர்ந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்தி அவன் ஒருநாளும் கேட்டதில்லை. இங்கே கேட்டான்.

ஆறாவது கோலுக்குப் பிறகு ஊர் இந்த விஷயத்துக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டது. நகராட்சி அலுவலகத்தில் திரும்பி வந்த பொருள்களுக்கென்று தனி ஜன்னல் திறந்தார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். இனாபா தன் கடைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டி, யார் யார் எதை எதைத் தொலைத்தார்கள் என்று எழுதவைத்தார். எண்ணூறு பேர் வந்துகொண்டிருந்த மைதானத்துக்கு ஆறாயிரம் பேர் வந்தார்கள். வெளியூர் ஆட்டமென்றால் ஒருவரும் வீட்டைவிட்டுக் கிளம்பாமல், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு, வாசற்கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். என்ன திரும்பி வரும், யாருக்கு வரும் என்பதில் ஒரு ஒழுங்கும் இல்லை. ஒருத்தி கல்யாண மோதிரத்துக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு ஆறாம் வகுப்பில் தொலைத்த அழிரப்பர் வந்தது. அவள் அதையும் மகிழ்ச்சியாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

எட்டாவது கோலில் ஒரு மனிதன் வந்தான்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரி மாதம், ஹொகுயோ மாரு என்ற மீன்பிடிக் கப்பல் ஏழு ஆட்களோடு கடலுக்குள் போய்த் திரும்பவில்லை. பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. கோயில் பின்புறம் ஏழு பேருக்கும் கல் நட்டு, வருடா வருடம் ஊர் கூடிப் பத்தி கொளுத்தியது. எட்டாவது கோல் விழுந்த சனிக்கிழமை பிற்பகல், அந்தக் கப்பலின் எஞ்சின்காரர் ஷோகிச்சி, ரப்பர் பூட்ஸில் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தம்போட மீன்சந்தைக்குள் நடந்து வந்து, "சூடா ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கிடைக்குமா?" என்று கேட்டார். கொடுத்தார்கள். மூன்று கிண்ணம் சாப்பிட்டார். எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, "குளிர்" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் ஒவ்வொரு கோலுக்கும் ஒருவராக வந்தார்கள். சமையற்காரர், வலை இழுப்பவர் இருவர், துணை மாலுமி, பதின்மூன்றாவது கோலில் காப்டன் ஓகியும் வந்தார். ஒருவருக்கும் ஒரு நரைமுடிகூடக் கூடியிருக்கவில்லை. அவர்களைக் காலத்துக்குள் மறுபடி சேர்ப்பதற்கு ஊர் படாத பாடு பட்டது. ஓட்டுநர் உரிமம் எல்லாருக்கும் காலாவதி ஆகிவிட்டதால் திரும்பத் தேர்வெழுதச் சொன்னார்கள். துணை மாலுமியின் மனைவி வேறு கல்யாணம் செய்திருந்தாள்; மூன்று பேரும் ஒரு நாள் முழுக்கப் பேசி, அவர் மாடி அறையில் இருந்துகொண்டு எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று முடிவானது. உயிரோடிருப்பவர் பெயர் கல்லறையில் இருந்தால் அதற்குச் சிவப்பு அடிப்பது அங்கே வழக்கம் என்பதால், கோயில் குரு ஒவ்வொரு கோலுக்கு மறுநாளும் ஒரு டப்பா சிவப்புச் சாயத்தோடு போய் ஒரு பெயரின்மேல் தூரிகை ஓட்டினார். ஆறு பெயர் சிவப்பாயிற்று. ஒன்று மட்டும் கறுப்பாக நின்றது: குஜி கெய்ஜிரோ.

கெய்ஜிரோவின் தாய் தொமி, ஷோகிச்சி வந்த நாளிலிருந்து எந்த ஆட்டத்தையும் தவறவிடவில்லை. எழுபத்திரண்டு வயதில், வெளியூர் ஆட்டத்துக்கும் ரசிகர்களுடைய பேருந்தில் ஏறி வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்து, மகனுடைய பஞ்சு வைத்த ஜாக்கெட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். வருகிறவர்களெல்லாம் நனைந்து வருகிறார்கள் அல்லவா. பதினான்காவது கோல் யாருக்கு என்பதில் ஊரில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. துறைமுகத்தில் கொடித் தோரணம்கூடக் கட்டிவிட்டார்கள்.

கெய்ஜிரோவின் மனைவி சுமிரே அணியின் உடைகளைத் துவைக்கிற வேலை பார்த்தாள். மைதானத்துக்குப் பின்புறம் இரண்டு பெரிய மெஷின்களும் கொடிக்கயிறுகளுமாக ஒரு அறை; அங்கேதான் நாள் முழுக்க இருப்பாள். ஒரு திங்கட்கிழமை மதியம் தெப்பெய் தன் காலுறைகளைக் கொடுக்கப் போனபோது, அவள் மெஷினை நிறுத்திவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் எதிரே வந்து நின்றாள்.

"நிவா சான், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"அடுத்த கோலை அடிக்காதீங்க."

அவன் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் போனான். அவள் இடது கையை நீட்டினாள். கடைசி இரண்டு விரல்களும் மடங்காமல் விறைத்து நின்றன. அந்த விரல்களை அவன் ஒரு வருடமாகப் பார்த்திருக்கிறான்.

"மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. நானும் அப்படியேதான் சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "கதவு அது. என் கை அங்க இருக்குன்னு தெரிஞ்சுதான் அவர் கதவைச் சாத்தினார். இது கண்ணுக்குத் தெரியறது. தெரியாததும் இருக்கு."

"யார்கிட்டயும் சொல்லலையா?" என்றான்.

"கப்பல் வராதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு ஊரே வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதது. அழறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமப் போச்சு."

"நீங்க வேற ஊருக்குப் போறதா இருந்தா, எனக்குத் தெரிஞ்ச அணிகள் இருக்கு, அங்கயும் துவைக்கிற வேலை…"

"நான் ஏன் போகணும்?" அவள் குரல் உயரவில்லை. "நான் பிறந்த ஊர் இது. ஏழு வருஷமா இந்த ஊர்லதான் நான் நிம்மதியாத் தூங்கறேன்."

தெப்பெய் காலுறைகளைக் கூடையில் போட்டான். பதின்மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த கூட்டத்தின் குரல் அவன் காதில் கேட்டது. முதல் வரிசையில் மடியில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கிற கிழவியும் கண்முன் வந்தாள். "சரி" என்றான்.

கோல் அடிக்காமல் இருப்பது இவ்வளவு கடினம் என்று அவன் அறிந்திருக்கவில்லை. அத்தனை வருடம் எங்கெங்கோ போய் ஒளிந்துகொண்ட பந்து இப்போது அவனைத் தேடித் தேடி வந்தது. கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்க, காலியான வலைக்கு முன்னால் பந்து வந்து அவன் காலடியில் நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்தது. அவன் அதைக் கூட்டத்துக்குள் உதைத்தான். பெனால்டி கிடைத்தால் இன்னொருவனிடம் கொடுத்தான். ஊர் முதலில் அவனிடம் அன்பாக இருந்தது. விலாங்கு மீன் வறுத்து அனுப்பினார்கள், முழங்காலுக்கு ஊசி போடுகிற வைத்தியரைப் பக்கத்து நகரத்திலிருந்து அழைத்து வந்தார்கள், கோயிலில் அவன் பெயரில் மணி அடித்தார்கள். ஐந்து ஆட்டம் இப்படியே போனபின் தெருவில் வணக்கம் சொல்வதை நிறுத்தினார்கள். ஏழாவது ஆட்டத்தில் அவன் பந்தைத் தொட்டாலே ஆறாயிரம் பேரும் மௌனமானார்கள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். பட்டியலின் நடுவரை ஏறியிருந்த ஷியோகவா அணி சரசரவென்று கீழே இறங்கியது. அணி நிர்வாகி கூப்பிட்டு, இப்படியே போனால் அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் கிடையாது என்றார். "தெரியும்" என்றான் தெப்பெய்.

எட்டாவது ஆட்டத்தில் அது நடந்தது. மூலையிலிருந்து வந்த பந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற தெப்பெய்யின் தோளில் பட்டு, எதிரணியின் கோலை நோக்கித் தானாக உருண்டது. கோல்கீப்பர் மறுபக்கம் பாய்ந்து கிடந்தார். மைதானமே எழுந்து நின்றது. தெப்பெய் திரும்பிப் பார்த்தான், ஓடினான், முழங்காலை மறந்து ஓடினான், கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் சறுக்கி விழுந்து, எதிரணியின் கோலுக்குள் போகவிருந்த தன் பந்தைத் தானே வெளியே தள்ளினான்.

இவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

மறுநாள் காலை தொமி அவன் குடியிருந்த வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. செருப்பு விடுகிற இடத்தில் நின்றுகொண்டே, "என் மகன் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சான்?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் செய்யலம்மா."

"அப்ப ஏன்?"

"அதை நான் சொல்ல முடியாது. சொல்றதுக்கு அது என் விஷயம் இல்ல."

தொமி கையிலிருந்த ஜாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள்.

"சுமிரே சொன்னாளா?" என்றாள்.

தெப்பெய் அவள் கையிலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்தான்.

"எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரே சுவர்தான்" என்றாள் தொமி. "எனக்குக் காது அப்ப நல்லாத்தான் கேட்டுது. சத்தம் வந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா? ரேடியோவைக் கூட்டி வச்சிடுவேன். ஆறு வருஷம் அப்படிக் கூட்டி வச்சேன். அவன் கடலோட போனப்ப, எனக்கு வந்த தண்டனைன்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க, எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஆசைல அந்தச் சத்தமெல்லாம் மறந்துபோச்சு. மறக்கல. மறந்த மாதிரி இருந்துக்கிட்டேன்."

அங்கிருந்து நேராக அவள் துவைக்கும் அறைக்குப் போனாள். ஈரச் சட்டைகளுக்கு நடுவே சுமிரே நின்றிருந்தாள். தொமி இடுப்பு வரை குனிந்து, நிமிராமல் அப்படியே இருந்தாள்.

"எழுந்திருங்கம்மா" என்றாள் சுமிரே. அந்த ஊரில் மருமகளும் மாமியாரை அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"அவன் வரக் கூடாதுன்னு என்னால நினைக்க முடியல சுமிரே. பெத்துட்டேன். ஆனா உன் வீட்டு வாசலை அவன் மிதிக்கக் கூடாது. அது வரைக்கும் என்னால நினைக்க முடியுது."

"நீங்க தடுத்தா நிப்பாரா?"

"நான் ஒருத்தி தடுத்தா நிக்க மாட்டான்" என்றாள் தொமி. நிமிர்ந்தாள். "நான் ஊர்ல சொல்லட்டுமா? நீ வேண்டாம்னா சொல்ல மாட்டேன்."

சுமிரே ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்றை உதறினாள். மூன்றாவதை எடுத்தபோது, "சொல்லுங்க" என்றாள்.

புதன்கிழமை காலை, மீன் ஏலம் முடிந்து மணி அடித்ததும், தொமி ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று, தான் கேட்டதையெல்லாம் சொன்னாள். மறைக்கவில்லை, ரேடியோவைக் கூட்டி வைத்ததையும் சொன்னாள். திரும்பி வந்த ஆறு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். காப்டன் ஓகி, "எனக்கும் தெரியும். கப்பல்ல அவனே சொல்லிச் சிரிப்பான். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிச்சோம்" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தனக்கும் சத்தம் கேட்டதுண்டு என்றாள். மருந்துக்கடைக்காரர், அந்த விரல்களுக்குக் கட்டுப் போட்டது நான்தான், நான் ஒன்றும் கேட்கவில்லை என்றார். அன்று பகல் முழுக்க ஊரில் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கவில்லை. சாயங்காலம் இனாபா ஏணி போட்டு ஏறித் துறைமுகத்துக் கொடித் தோரணத்தைக் கழற்றினார்.

வியாழக்கிழமை பயிற்சிக்குப் பிறகு சுமிரே தெப்பெய்யிடம் துவைத்து மடித்த ஜெர்சியைக் கொடுத்தாள். "இனிமே அடிக்கலாம்" என்றாள்.

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா இப்ப எனக்கு மட்டும் இல்ல."

நவம்பர் கடைசி ஞாயிறு அந்த வருடத்தின் இறுதி ஆட்டம். சொந்த ஊரில் நடந்தது. இரண்டாம் பிரிவில் நீடிக்க வேண்டுமென்றால் ஷியோகவா ஜெயித்தாக வேண்டும். தெப்பெய் மைதானத்துக்குள் இறங்கியபோது இருக்கைகள் எல்லாம் காலியாக இருந்தன. வெளியூரிலிருந்து வந்த ஐம்பது ரசிகர்களும், டீ விற்கிற ஒருத்தரும், கூண்டுக்குள் ரேடியோ வர்ணனையாளரும்தான் இருந்தார்கள். ஊர் முழுவதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தவிர எல்லாரும், படகுத்துறையிலிருந்து சுமிரேயின் தெருவுக்கு ஏறுகிற சரிவில் இரண்டு பக்கமும் நிற்காமல், பாதையை மறித்துக் குறுக்கே வரிசை வரிசையாகத் தோளோடு தோள் நின்றது. முன்வரிசையில் காப்டன் ஓகியும் ஐந்து பேரும். அவர்களுக்கும் முன்னால் தொமி, ஒரு கையில் ஜாக்கெட்டும் மறுகையில் பயணப் பெட்டியுமாக.

அறுபத்திரண்டாவது நிமிடத்தில் பந்து நடுமைதானத்தில் அவனிடம் வந்தது. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டான், இருபது கெஜத்திலிருந்து இடது காலால் அடித்தான். பந்து மேல் மூலையில் போய்ச் செருகிக்கொண்டது. அவன் வாழ்நாளில் அடித்ததிலேயே அழகான கோல் அது. காற்று மட்டும் காலி இருக்கைகளில் சத்தம் போட்டது.

கெய்ஜிரோ படகுத்துறையின் கல்படிகளில் ஏறி வந்தான். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட, பற்கள் கிட்டித்து, மறித்து நின்ற கூட்டத்தைப் பார்த்து முதலில் வரவேற்பு என்று நினைத்துக் கையை உயர்த்தினான். ஒருவரும் கை உயர்த்தவில்லை. தொமி ஜாக்கெட்டை அவன் தோளில் போர்த்தி, பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

"சுமிரே எங்க?" என்றான்.

கூட்டத்தின் பின்னாலிருந்து சுமிரே வந்தாள். யாரும் அவளை வரச் சொல்லவில்லை. ஏப்ரனோடு வந்திருந்தாள். பத்தடி தூரத்தில், ஓகியின் பக்கத்தில் நின்றாள்.

"வீட்டுக்குப் போலாம்" என்றான் கெய்ஜிரோ. "குளிருது."

"இல்ல" என்றாள் சுமிரே.

அவன் ஓர் அடி எடுத்து வைத்தான். ஆறு பேரும் ஓர் அடி எடுத்து வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான செருப்புகளும் பூட்ஸும் ஒரே சத்தமாக ஓர் அடி எடுத்து வைத்தன. அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் தாயைப் பார்த்தான்.

"மூணு மணி பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றாள் தொமி. "வடக்க உன் மாமா ஆப்பிள் தோட்டத்துல ஆள் தேவையாம். நானும் வரேன். நீ செஞ்சதை நான் இனி கேக்காத மாதிரி இருக்க மாட்டேன்."

அவன் ஏதோ கத்தினான். காற்றில் அது சரியாகக் கேட்கவில்லை. பிறகு அழுதான். பிறகு பஸ் வந்தது. ஓகியும் ஷோகிச்சியும் அந்த ஊர்வரை கூடவே போய் விட்டுவிட்டு வந்தார்கள். கோயில் குரு ஏழாவது பெயருக்கும் சிவப்பு அடித்தார்; உயிரோடிருப்பவன் உயிரோடிருப்பவன்தானே என்றார். தொமி மாதம் ஒரு தடவை சுமிரேக்கு ஆப்பிள் அனுப்பினாள். சுமிரே முதல் மூன்று மாதம் அதைச் சாப்பிடாமல் அணிப் பையன்களுக்குக் கொடுத்தாள். நான்காவது மாதம் ஒன்றை எடுத்து நறுக்கினாள்.

அணி இரண்டாம் பிரிவில் தப்பித்தது. தெப்பெய்க்கு இன்னும் இரண்டு வருடம் ஒப்பந்தம் கொடுத்தார்கள்.

மறுவருடம் ஏப்ரலில், தூரத்து ஊர் ஒன்றில், கொட்டுகிற மழையில், எண்பத்தெட்டாவது நிமிடத்தில், ஆறேழு பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்ட சேற்றில் பந்து அவன் கணுக்காலிலோ முழங்காலிலோ பட்டு, தடுக்கித் தடுக்கிக் கோட்டைத் தாண்டியது. ஷியோகவாவில் ஜனங்கள் கதவைத் திறந்துபோட்டுப் பார்த்திருந்தார்கள், இருட்டும்வரை பார்த்தார்கள். ஒரு பொத்தான்கூட வரவில்லை. அதன்பின் அவன் ஓய்வு பெறும்வரை அடித்த பத்துக் கோல்களுக்கும் ஒன்றும் வரவில்லை. கடல் எடுத்ததை எடுத்ததாகவே வைத்துக்கொண்டது.

ஆனால் அந்த ஏப்ரல் மழையில் தெப்பெய்க்கு இதெல்லாம் தெரியாது. சக ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் அவன்மேல் குதித்து அவனைச் சேற்றில் அமுக்கியபோது, அவன் மூக்கிலும் வாயிலும் மண்ணோடு, மூச்சு முட்ட முட்டச் சிரித்துக்கொண்டிருந்தான். மேலே கிடந்தவன், "இந்த அசிங்கமான கோலுக்கா இப்படிச் சிரிக்கறே?" என்று கேட்டான்.

"ஆமா" என்றான் தெப்பெய். "இது எனக்கு."